நீலக்கல்

“தொரை என்ன சொல்லுதாரு, மாப்ளே?”

மனைவியின் தம்பி நம்பிராஜனின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார் சுடலைக்கண்ணு. சுரண்டைக்குப் பக்கத்தில் அவருடைய தரிசில் கிணறு வெட்டும்போது தட்டுப்பட்ட நீலக்கல் ஒன்று, குற்றாலம் பங்களாவின் மேஜையில் கிடந்தது.

துரை பாறைகளை ஆராய்கிறவர். நம்பிராஜன் அவருக்கு மொழிபெயர்ப்பாளன். துரை இங்கிலீஷில் சொன்னது இதுதான்: ‘பூமியின் அடியாழத்திலிருந்து எரிமலை மேலே தள்ளிய பாறை இது. ஆப்பிரிக்காவில் இதற்குள்தான் வைரம் கிடைக்கிறது. நிலத்தை யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம் என்று இவரிடம் சொல்.’

நம்பிராஜன் தொண்டையைச் செருமினான்.

“உப்புப் பாறையாம் அத்தான். எம்புட்டுத் தோண்டினாலும் தண்ணி ஊறாதாம்.”

சுடலைக்கண்ணு கல்லை எடுத்து மடியில் கட்டிக்கொண்டார்.

“வேற ஒண்ணும் சொல்லலையா?”

“இல்லையே.”

சாரலில் இறங்கி நடக்கும்போது நம்பிராஜன் குழைந்தான்.

“அந்தத் தரிசை வச்சு அக்கா என்ன பண்ணுவா? சித்தாத்துத் தண்ணி பாயுத என் வயலை நீங்க எடுத்துக்கிடுங்க. தரிசு எம் பேருல கெடக்கட்டும்.”

“நெசமாத்தான் சொல்லுதியா?”

“அக்காவுக்குச் செய்யாம வேற யாருக்குச் செய்யப்போறேன்?”

மறுவாரமே பத்திர ஆபீசில் சுடலைக்கண்ணு கைநாட்டு வைத்தார். அவர் மனைவி செண்பகவல்லி தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

நம்பிராஜன் ஆறு மாதம் ஆள் வைத்துத் தோண்டினான். பெண்டாட்டி நகையெல்லாம் அந்தக் குழியில் போயிற்று. துரையே வந்து பாறையை உடைத்து, கழுவி, சலித்துப் பார்த்தார். ஒரு பொட்டு வைரம் இல்லை. ‘இந்த வகைப் பாறை எல்லாவற்றிலும் வைரம் இருக்காது’ என்று சொல்லித் தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலமே நம்பிராஜன் வயல் வரப்பில் வந்து நின்றான்.

“வயலைத் திருப்பிக் குடுத்திருங்க அத்தான். வீட்டுல அடுப்பெரியல. உங்க மேல இருந்த பிரியத்துலதானே அன்னைக்கு மாத்திக் குடுத்தேன்?”

சுடலைக்கண்ணு மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்தார்.

“கொழும்புத் தோட்டத்துல கெடந்துட்டு வந்தவன்னுதானே என்னை நெனச்சிருக்கே? ஒம்பது வருசம் ஆப்பிரிக்காவுல அந்த நீலக்கல்லைத்தான் ஒடச்சேன், மாப்ளே. வெள்ளைக்காரன் பாஷை பேச வராது. கேட்டா அத்தனையும் வெளங்கும். நீலக்கல்லு கெடக்குத எடத்துலயெல்லாம் வைரம் கெடக்காதுன்னும் அங்கேயே பாத்தவன் நான். வைரம் இருந்தா ஒனக்குப் பாதின்னுதான் அன்னைக்கு ஒன்னைத் தேடி வந்தேன்.”

நம்பிராஜன் தலை கவிழ்ந்தது.

“ஒங்க அக்காகிட்ட நான் இன்னும் சொல்லல. அவளுக்கு இருக்கது ஒரே தம்பி.”