இரவல் அட்டை

துறைமுகத்தில் வேலைக்குச் சேர மரபணு அட்டை வேண்டும். காயம் பட்டால் உடம்பில் அழற்சி அளவுக்கு மீறிக் கொந்தளிக்கும் என்று அட்டை சொன்னால் வேலை கிடையாது. ரெமிஜியுஸின் அட்டை அப்படித்தான் சொன்னது. அதனால் தம்பி லூர்துவின் அட்டையைக் காட்டி நான்கு வருடமாகச் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தான்.

செவ்வாய்க்கிழமை கிரேனின் சங்கிலி அறுந்து அவன் தொடை நசுங்கியது. தீவிர சிகிச்சைப் பிரிவில் டாக்டர் அவன் சட்டைப்பையில் இருந்த தம்பியின் அட்டையைப் பார்த்தார்.

"இவருக்கு அழற்சி தானா அடங்கிரும். அடக்குற மருந்து கொடுத்தா கிருமிதான் தொத்தும். வேண்டாம்."

மனைவி ஜெசிந்தா பக்கத்தில் நின்ற கொழுந்தனைப் பார்த்தாள். அட்டையை இரவல் கொடுத்தது தெரிந்தால் லூர்துவுக்கு இனி எங்குமே வேலை கிடைக்காது. அடுத்த மாதம் அவன் கப்பலில் சேர வேண்டியவன். சொல்லாவிட்டால் மருந்தில்லாமல் புருஷன் பிழைக்க மாட்டான்.

லூர்துதான் முன்னால் போனான். "டாக்டர், அது என் அட்டை. அண்ணனுக்கு மருந்து போடுங்க."

பதினோராம் நாள் ரெமிஜியுஸ் கண் திறந்தான். நடந்ததை ஜெசிந்தா சொன்னாள்.

"ஒங்க தம்பி வெளியதான் நிக்காரு. கூப்பிடட்டா?"

அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"கொஞ்ச நேரம் போகட்டும். எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அவனப் பாப்பேன்?"