ஓடினால் மட்டும் வரும் சத்தம்

"நேத்து சத்தம் வந்தப்ப யார் யார் எங்கன உக்காந்திருந்தீகளோ, அப்படியே உக்காருங்க!" என்றார் தன் கொட்டகை வாசலில் நின்ற மெக்கானிக் வீரணன்.

முகைதீன் ராவுத்தர் மோட்டார் சைக்கிளின் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் மைத்துனர் அப்துல் சமது. வண்டியின் பக்கத்தில் ஒற்றைச் சக்கரத்தோடு ஒட்டியிருந்த சைடுகார் தொட்டிக்குள், பச்சைத் திரைக்குப் பின்னால், மாமியார் லத்திபா அம்மாள். திரை அவருக்காகவே தைத்துப் போட்டது. மருமகனோடு அவர் நேரில் பேசுவதில்லை. எதுவானாலும் மகன் அப்துல் சமது வழியாகத்தான்.

"டொக்கு டொக்குனு வருது, வீரணா. கொல்லன் பட்டறை கணக்கா!" என்றார் முகைதீன்.

"இன்னிக்குள்ள கண்டுபிடிச்சாத்தான் உண்டு," என்றார் அப்துல் சமது. "எங்க அம்மா ஏறுற வண்டி. பாதி வழியில இஞ்சின் வெடிச்சா யார் பதில் சொல்றது? பெரியகுளம் வைகுண்டராஜ் வண்டியை வெலைக்குக் கேட்டுக்கிட்டே இருக்காக. கண்டுபிடிக்கலேன்னா சாயந்தரத் தபால்ல அவுகளுக்கே சம்மதம்னு எழுதிப் போட்ருவோம்."

முகைதீனின் முகம் தொங்கிப் போயிற்று. மலை எஸ்டேட்டுத் துரை கப்பலேறும்போது விற்றுவிட்டுப் போன வண்டி அது. தன் தலைக்கு எண்ணெய் வைக்க மறந்தாலும் அதற்கு வைக்க மறந்ததில்லை அவர்.

வீரணன் வண்டியை நிறுத்தியபடியே இஞ்சினை ஓடவிட்டார். நீளத் திருப்புளியின் முனையை இஞ்சின்மேல் ஊன்றி, பிடியைக் காதோரம் வைத்துக் கேட்டார். சத்தமே இல்லை.

"எறங்குங்க எல்லாரும்," என்று சொல்லிவிட்டு மார்க்கையன்கோட்டை ரோட்டில் தனியாக ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "பட்டு மாதிரி போகுதே!"

தொட்டிக்குள் ஒரு நெல் மூட்டையை ஏற்றி ஓட்டினார். அப்போதும் இல்லை.

"மூட்டைக்கு வராதுங்க. அம்மா ஏறினாத்தான் வருது," என்றார் அப்துல் சமது.

"ஏன், உங்க அம்மா மேல வண்டிக்குக் கோவமா?" என்று சிரித்த முகைதீன், மைத்துனர் முறைத்ததும் வாயை மூடிக்கொண்டார்.

கடைசியில் முகைதீன் ஓட்ட, வீரணன் பின்னால் உட்கார, அம்மாள் தொட்டிக்குள் இருக்க, வண்டி கிளம்பியது. வாய்க்கால் பாலம் தாண்டியதும் வந்தது.

டொக்... டொக்... டொக்...

"நிப்பாட்டுங்க, நிப்பாட்டுங்க!" என்று கத்தினார் வீரணன். வண்டி நின்றது. சத்தமும் நின்றது. வீரணன் குதித்து இறங்கி இஞ்சினில் காதை வைத்தார். 'நான் ஒன்றும் செய்யவில்லையே' என்பதுபோல அது சாதுவாக ஓடிக்கொண்டிருந்தது.

"ஆத்தா, உள்ள இருக்கிற உங்களுக்கு அந்தச் சத்தம் கேக்குதா?" என்று திரையைப் பார்த்துக் கேட்டார்.

வாயில் எதையோ ஒதுக்கிக்கொண்டு பேசுகிற குரல் வந்தது. "வண்டியில ஒரு சத்தமும் இல்லையேப்பா. நல்லாத்தான போகுது!"

கொட்டகைக்குத் திரும்பியதும் வீரணன் பிளக்கைக் கழற்றினார், செயினை இறுக்கினார், தொட்டியின் போல்ட்டுகளை முறுக்கினார். மறுபடி ஓட்டினார்கள். டொக் டொக்!

"ஓடணும், ஆளும் இருக்கணும், நின்னா நிக்கணும். இப்படி ஒரு கோளாறை நான் பாத்ததே இல்ல, ராவுத்தரே," என்று கையைத் துடைத்துக்கொண்டார் வீரணன். "எதுக்கும் சாக்கிரதையா இருந்துக்கங்க."

அவ்வளவுதான். அப்துல் சமது பெட்ரோல் டாங்கின்மேல் தாளை வைத்து, 'வண்டியைத் தங்களுக்கே விற்கச் சம்மதம்' என்று எழுதி நீட்டினார். முகைதீன் கையெழுத்துப் போட்டபோது பேனா நிப்பு தாளைக் கிழித்தது.

"என்ன மாப்ள, கொழந்தையப் பறிகொடுத்த மாதிரி?"

"கொழந்தையின்னா அழுது காட்டும் மச்சான். இது என்னான்னு சொல்லாமயே நோகுது."

அம்மாளையும் ஏற்றிக்கொண்டு தபாலாபீசுக்குப் போகிற வழியெல்லாம் சத்தம் கூடவே வந்தது. கடைவீதி முடிகிற இடத்தில், வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே, அது சட்டென்று நின்றுபோனது.

"மச்சான், சத்தம் நின்னுருச்சு! ஓடறப்பவே நின்னுருச்சு!"

"விக்கப் போறோம்னு தெரிஞ்சதும் நல்ல பிள்ளையாட்டம் நடிக்குது," என்று சொல்லிக்கொண்டே இறங்கிய அப்துல் சமது, உறையில் தபால்தலையை ஒட்டியபடி தபாலாபீசுக்குள் போனார். உறையின் வாயை ஒட்டப் பசைச் சட்டி அங்கேதான் இருந்தது.

முகைதீன் தனியாக நின்று டாங்கைத் தடவிக்கொடுத்தார்.

அப்போது பச்சைத் திரை லேசாக விலகியது. கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் நேரில் பேசாத குரல் தயங்கித் தயங்கிப் பேசியது.

"மாப்பிள்ளை... பையன் உள்ள போயிட்டான். அதான் உங்ககிட்டயே கேக்க வேண்டியதாப் போச்சு. பாக்குத் தீந்துபோச்சு, ஓரணாவுக்கு வாங்கித் தாங்க. பல்லு இல்லாதவ, இடிச்சாத்தான் மெல்ல முடியும். நாலு பேரு நிக்கிற எடத்துல இடிக்கவும் கூச்சமா இருக்கு. வண்டி ஓடுனாத்தான் இடிக்க முடியுது."

திரைக்கு வெளியே நீண்ட கையில், காலியாகிப்போன குட்டி இரும்பு உரலும் உலக்கையும் இருந்தன.

"மச்சான், ஒட்டாதீக!" என்று முகைதீன் போட்ட கூச்சலில் கடைவீதியே திரும்பிப் பார்த்தது. விஷயத்தைக் கேட்ட அப்துல் சமது, ஒட்டிய தபால்தலையை வீணாக்க மனமில்லாமல், உள்ளே இருந்த தாளை மட்டும் கிழித்துப் போட்டுவிட்டு வேறொன்று எழுதி வைத்து, உறையை நன்றாக ஒட்டிப் பெட்டியில் போட்டார்: 'வண்டி விற்பதற்கில்லை. சத்தம் போட்டது எங்கள் அம்மா.'