நார்வேக்கு எந்த மாசம்?

"ஜூன்லே போனா அங்கே சூரியன் அஸ்தமிக்கறதே இல்லையாம். அப்போ சாயங்கால சந்தியாவந்தனத்தை நான் எப்போ பண்றது?"

அனந்தபத்மநாபன் கேட்ட கேள்வியில் சந்தானத்துக்குக் காபி புரையேறிவிட்டது. ஜாம்ஷெட்பூரிலிருந்து அன்று காலைதான் பெங்களூர் மல்லேஸ்வரத்தில் அக்கா ருக்கு வீட்டுக்கு வந்து இறங்கியிருந்தான். எப்போதாவது இரண்டு நாள் லீவில் எட்டிப் பார்க்கிறவன். வந்த அன்றைக்கே அத்திம்பேர் இப்படி ஒரு வழக்கை வைத்திருந்தார்.

விஷயம் இதுதான். மாப்பிள்ளைக்கு நார்வேயின் வடக்குக் கோடியில் ஒரு துறைமுகத்தில் வேலை. பெண் ரமாவுக்கு அங்கேயே பிள்ளை பிறந்திருக்கிறது. கம்பெனி செலவில் பெரியவர்கள் யாராவது ஒருவர் வந்து போகலாம் என்று எழுதியிருந்தாள். ஒரே ஒருவர்தான். யார், எந்த மாதம் என்று இன்றைக்குள் தந்தி கொடுத்தாக வேண்டும்.

யார் என்பதை ருக்கு எடுத்த எடுப்பிலேயே முடித்துவிட்டாள்.

"அவர்தான் போகணும். ரிடையர் ஆனதிலேருந்து அட்லஸை மடியிலே வெச்சுண்டு, ராத்திரியிலே வெயில் அடிக்கற ஊரைப் பார்க்கணும் பார்க்கணும்னு உயிரை விடறார். நான் பேரனை போட்டோவிலே பார்த்துக்கறேன்."

அந்த போட்டோ தலையணைக்கு அடியிலிருந்து சமையலறைக்கும், சமையலறையிலிருந்து தலையணைக்கும் போய் வந்து மூலையெல்லாம் மடங்கிக் கிடந்தது.

"சரி, ஜூன் வேண்டாம் அத்திம்பேர். டிசம்பர்லே போங்கோ" என்றான் சந்தானம்.

"டிசம்பர்லே சூரியன் உதிக்கறதே கிடையாது. காலை சந்தி போச்சு."

"மார்ச்?"

"குழாயிலே தண்ணி உறைஞ்சு கிடக்கும். ஐஸைக் கடிச்சு ஆசமனம் பண்ணச் சொல்றியா?"

"உருக்கிக்கறது."

"அடுப்புலே காய்ச்சின தண்ணியிலே அர்க்கியமா? சும்னே விளையாடாதே" என்றார், பெங்களூர்க் கன்னடம் கலந்து.

சந்தானம் விடவில்லை. "செப்டம்பர். சூரியன் ஒழுங்கா உதிச்சு ஒழுங்கா அஸ்தமிக்கும். தண்ணியும் உறையாது. இப்போ என்ன சொல்றேள்?"

அனந்தபத்மநாபன் கொஞ்சம் தடுமாறித்தான் போனார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொண்டார்.

"அப்போ மழைக்காலம். எப்பப் பார்த்தாலும் மேகம். சூரியன் எந்தப் பக்கம்னே தெரியாது."

"ஏன், பெங்களூர்லே ஜூலை மாசம் மேகமே இல்லையா?"

"இருக்கு. ஆனா அது நம்ம மேகம்டா."

சமையலறையில் ருக்கு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சந்தானத்துக்குச் சிரிப்பு வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. அத்திம்பேர் அதற்குள் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பஞ்சபாத்திரத்தோடு கொல்லைப் பக்கம் போய்விட்டார். மத்தியான சந்தியாம். கால் மணி கழித்து நெற்றி நிறைய விபூதியோடு திரும்பி வந்தார்.

"ருக்கு, ஒரே வழிதான் இருக்கு. நீ போயிட்டு வா. உனக்கு சந்தியா ஒண்ணா?"

"நானா? எனக்கு ஏரோப்ளேன் சத்தம் கேட்டாலே வயத்தைக் கலக்கும். இங்கிலீஷும் வராது. உங்களுக்கு யார் சமைச்சுப் போடறது?"

"கோடிவீட்டு பாமாவுக்குத் தெரியாத சமையலா? ஜூன்லே போ. அதுதான் நல்ல மாசம். மலையெல்லாம் பச்சைப் பசேல்னு இருக்கும். கடலோரப் புல்லிலே சின்னச் சின்னப் பூவாப் பூத்திருக்கும். ராத்திரி பன்னெண்டு மணிக்கு ஜன்னல் வழியா வெயில் வந்து பேரன் மூஞ்சியிலே விழும். அதை நீ பார்த்துண்டே உட்கார்ந்திருக்கலாம்."

நேரில் பார்த்துவிட்டு வந்தவர் மாதிரி சொன்னார். ருக்கு ரொம்ப நேரம் அவர் முகத்தையே பார்த்தாள். அப்புறம் மெதுவாகத் தலையை ஆட்டினாள்.

அவ்வளவுதான், வீடு கல்யாண வீடாகிவிட்டது. அனந்தபத்மநாபன் டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்துத் தன் ஓவர்கோட்டைத் தேடி எடுத்து அவளுக்கு மாட்டினார். அது அவள் கணுக்கால் வரைக்கும் வந்தது. மங்கி குல்லாயை அவள் தலையில் இழுத்துவிட்டு, "நார்வே ராணி மாதிரி இருக்கே" என்றார். மசக்கைக்காரி மாதிரி அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. மனிதர் அதே வேகத்தில் தந்தி கொடுக்கக் கிளம்பி, வாசலில் செருப்பைத் தேட ஆரம்பித்தார்.

சந்தானம் அக்காவின் பக்கத்தில் வந்து நின்று பொரிந்தான்.

"நீ போறதிலே எனக்கு ரொம்ப சந்தோஷம்தான். ஆனாலும் பெத்த பொண்ணு, முதல் பேரன். அதைவிட சந்தி பெரிசாப் போச்சா இந்த மனுஷனுக்கு? இப்படி ஒரு வைதீகத்தை நான் எங்கேயும் பார்த்ததில்லை."

ருக்கு குல்லாயைக் கழற்றாமலே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மெதுவாப் பேசுடா. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அவர்தான் சங்கடப்படுவார். கல்யாணம் ஆனதிலேருந்து அவர் ஒரு நாள் சந்தி பண்ணி நான் பார்த்ததில்லை. ரமாவோட லெட்டர் வந்த மறுநாள்தான் ஆரம்பிச்சார். பாவம், ஒரு மந்திரமும் ஞாபகமில்லை. கொல்லையிலே உட்கார்ந்து வெறும் உதட்டை அசைச்சுட்டு வரார்."