பிடிக்காமல் விட்ட வரி

கட்ட வேண்டிய வருமான வரி முப்பத்தொன்பதாயிரம் என்றது திரை. வட்டி தனி.

அவள் முதலிலிருந்து மறுபடி போட்டாள்.

அதே முப்பத்தொன்பதாயிரம்.

லேப்டாப் இரைந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் அரசாங்கம் இலவசமாகக் கொடுத்தது. மூடியில் இருந்த அரசு முத்திரையின் மேல் ஒரு பூனை ஸ்டிக்கர்.

தப்பு அவளுடையதுதான். வருஷ நடுவில் வேலை மாறினாள். பழைய இடத்தில் என்ன வாங்கினாய் என்று புதுக் கம்பெனி ஒரு தாள் நீட்டியது. அவள் நிரப்பவே இல்லை. அவ்வளவு கம்மியா என்று தெரிந்தால், பேசிய சம்பளத்தைக் குறைத்துவிடுவார்கள் என்று பயம். வரிக்காகக் கேட்கிறார்கள் என்று சொல்ல வீட்டில் ஆள் ஏது.

இரண்டு கம்பெனியும் தனித்தனியாக அவளை வரி கட்டத் தேவையில்லாதவள் என்று முடிவுகட்டியிருந்தன. ஒரு ரூபாய் பிடிக்கவில்லை.

கூட்டிப் பார்த்தால் ஏழை இல்லை.

அவளுக்கே இப்போதுதான் தெரிகிறது.

வங்கியில் நாற்பத்தைந்தாயிரம் இருந்தது. வெள்ளிக்கிழமை ஸ்கூட்டருக்குக் கட்ட வேண்டிய முன்பணம். பனியன் கம்பெனி வரைக்கும் அம்மாவைப் பின்னால் உட்கார வைத்துப் போவதாகப் பேச்சு. அம்மா ஹெல்மெட்டே வாங்கிவிட்டாள். சிவப்பு.

தலையைத் துவட்டிக்கொண்டே அம்மா வந்து எட்டிப் பார்த்தாள். அவள் விஷயத்தைச் சொன்னாள்.

"புடிக்க மறந்துட்டாங்களா? எங்க கம்பெனில பி.எஃப். புடிக்க ஒரு மாசம்கூட மறந்ததில்லையே கண்ணு."

சொல்லிவிட்டு அம்மாவே சிரித்தாள். அடக்கப் பார்த்து அவளும் சிரித்தாள்.

ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரர் ஒரு நம்பர் கொடுத்திருந்தார். பொய் ரசீது போட்டுக் குறைத்துத் தருகிற ஆள். அவள் அந்த நம்பரைத் தேடவில்லை.

காலேஜ் ஹாஸ்டல் மெஸ் வரிசைதான் ஞாபகம் வந்தது. இதே லேப்டாப்பைக் காட்டி, கூடப் படித்த ஹர்ஷிதா சொன்னாள். எங்கப்பா வரிப்பணம்டி அது, பாத்து யூஸ் பண்ணு. வரிசையே சிரித்தது. எங்கம்மா வாங்குகிற ஒவ்வொரு சோப்புக்கட்டியிலும் வரி இருக்குடி என்று திருப்பிக் கொடுக்க அன்றைக்குத் தெரியவில்லை.

அன்று சாயங்காலமே போய், முத்திரையை மறைக்கப் பூனை ஸ்டிக்கர் வாங்கிவந்தாள்.

செலுத்து என்கிற பொத்தானை அழுத்தினாள். போனில் எண் வந்தது. போட்டாள்.

பணம் போய்விட்டது.

வண்டி தீபாவளிக்குத்தான் என்றாள். அம்மா ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் மாட்டிக் கண்ணாடியில் பார்த்தாள். அதுவரைக்கும் பஸ்ஸுக்குப் போட்டுக்கொண்டு போகிறேன் என்றாள்.

ரசீது வந்தது. அவள் பெயர், முழுசாக, இனிஷியலோடு. வாய்விட்டு ஒருதரம் படித்தாள்.

லேப்டாப்பை மூடினாள்.

ஸ்டிக்கரின் ஓரத்தில் நகத்தை விட்டாள்.

முதலில் பூனையின் வால் வந்தது.