மலையின் பங்கு

வெயில் இருக்கிறது, சூடுதான் இல்லை. கோடையில் இந்தப் பனிமலைச் சரிவில் நீலக் கசகசாச் செடிகள் பூத்திருந்தபோது அடையாளத்துக்கு ஓங்டென் கட்டிவிட்டுப் போன சிவப்பு நூல்கள் பழுத்த புல்லுக்குள் இன்னும் கிடக்கின்றன. ஆனால் செடிகளை யாக் மாடுகள் மேய்ந்துவிட்டன. கடைசி நூல் கட்டிய தண்டில் மட்டும் ஒரு காய் நிற்கிறது. ஒருமுறை பூத்துச் சாகிற செடி, இனி விதைதான் எல்லாம். நாளெல்லாம் தேடிக் களைத்த ஓங்டென் குந்துகிறான். அக்கா நிம்கிட் உள்ளங்கையை நீட்டுகிறாள். காய் ஏற்கெனவே வெடித்திருக்கிறது. கவிழ்த்துத் தட்டினால் ஒரு சிட்டிகை விதை விழுகிறது, அவ்வளவுதான். "இந்த விதைக்குத்தான் சீமையிலேர்ந்து வந்த தொரை கீழ கூடாரத்துல காத்துக் கிடக்கிறாரு. இரு, காகித உறைய எடுக்கிறேன்" என்று பைக்குள் கைவிடுகிறான். கேழ்வரகுக் கள்ளோ சோறோ, எதிலும் முதல் பங்கை மலைக்கு விசிறியே பழகிய அவள் விரல்கள், அதற்குள் அதை அள்ளிக் காற்றில் விசிறிவிடுகின்றன. இருவரும் வெறுங்கையைப் பார்க்கிறார்கள். "ஐயோ, கை தன்னால போயிடுச்சுடா." "விடுக்கா. மலைக்கும் பசிக்கும்ல." திட்டக்கூட அவனுக்குத் தெம்பில்லை. செத்த தண்டிலிருந்து நூலை அவிழ்க்கிறான். காற்று போன பக்கமாக இறங்கி, விதை விழுந்திருக்கக்கூடிய இடத்தில், ஒரு கல்லைச் சுற்றி அதைக் கட்டுகிறான்.