புகை இல்லாத லாரி

அன்று பட்டறையில் இருந்தவர்கள் நான்கு பேர். ஆம்பூர் பைபாஸ் ஓரம் டீசல் பம்ப் பட்டறை வைத்திருக்கும் ஷோயப். தோல் பதனிடும் டேனரிகளின் கழிவுநீர் ஏற்றும் டேங்கர் லாரியின் முதலாளி தமிழ்வேந்தன். அவருடைய டிரைவர் துரைசாமி. எதிரே டீக்கடை போட்டிருக்கும் முனியம்மா. அவள் டீ கொடுக்க வரவில்லை, சண்டை போட வந்திருந்தாள்.

"இன்னா வண்டி இது? ஸ்டார்ட் பண்ணா என் பால் சட்டில கரி மெதக்குது. இந்தச் சத்தத்துக்கு சுடுகாட்டுல படுத்திருக்கறவனே எழுந்து வந்துடுவான்!"

தமிழ்வேந்தன் கோபப்படவில்லை. கையெடுத்துக் கும்பிட்டார்.

"நீ கேக்கறது நியாயம்மா. ஜனங்க படற பாடு எனக்குத் தெரியாதா? அதுக்குத்தான் வந்திருக்கேன். பாய், புகையும் வரக்கூடாது, சத்தமும் வரக்கூடாது. இழுவை கம்மியானாலும் பரவால்ல."

ஷோயப் அவரையே பார்த்தான். இருபத்தாறு வருடத் தொழிலில் வந்தவர்கள் எல்லாம் இன்னும் இழுக்கணும் என்று கேட்டவர்கள்தான். இப்படிக் கேட்ட முதல் ஆள் இவர்.

முனியம்மா தணிந்துபோனாள்.

"புண்ணியமாப் போவும் சார். இங்கேர்ந்து மூணு கிலோமீட்டர்ல ஆத்தங்கரைத் தெரு நாங்க. ஆத்து மணல்ல இருக்கற ஒரே ஒரு உறைக்கிணறுதான் நல்ல தண்ணி. மத்ததெல்லாம் எப்பவோ கெட்டுப்போச்சு. மருமவ வேற ஏழு மாசம். காத்தாவது நல்லா இருக்கட்டும்."

அந்தத் தண்ணீரில்தான் அவள் டீ போடுவாள். ஷோயப் வீட்டுக்கும் தினம் நாலு குடம் அங்கேயிருந்துதான்.

லாரியை முன்பு வைத்திருந்தவன் இழுவைக்காகப் பெரிய டர்போ மாட்டி, பம்பில் டீசலை ஜாஸ்தியாகத் திறந்துவிட்டிருந்தான். ஷோயப் புகைக்குழாயில் ஒரு நட்டை வெல்டு வைத்து, வைட்பேண்ட் சென்சாரை முடுக்கினான். ஒரு பங்கு டீசலுக்கு எத்தனை பங்கு காற்று எரிகிறது என்று அதன் மீட்டர் எண்ணில் காட்டும். எண் இறங்கினால் கரும்புகை.

லோடோடு மேம்பாலம் ஏறினார்கள். துரைசாமி முழுக்க மிதித்தான். மீட்டரில் பதினாறு.

பம்ப் திருகைக் கால் சுற்று குறைத்தான் ஷோயப். மறுபடி மேம்பாலம். பத்தொன்பது. இன்னொரு கால் சுற்று. இருபத்திரண்டு. இன்னும் அரைக்கால் சுற்று. இருபத்துநாலு. பின்னால் ஒரு பொட்டுப் புகை இல்லை.

கடைசியாகப் புது சைலன்சர் மாட்டினான்.

"வண்டி ஓடுதா, நின்னுபோச்சா?" என்றாள் முனியம்மா. எல்லாரும் சிரித்தார்கள்.

"ஒண்ணு பாக்கி இருக்கு சார்," என்றான் ஷோயப். "மைலேஜ் பாக்காம நான் வண்டிய ஒப்படைக்க மாட்டேன். டீசல் டேங்கைக் காலி பண்ணி இருபது லிட்டர் அளந்து ஊத்தறேன். லோடு எறக்கிட்டு காலைல இங்க வந்தா, மிச்சத்த அளந்துடுவேன்."

"நல்லா அளங்க பாய். நம்ம டிரைவருக்குக் கை கொஞ்சம் நீளம்."

துரைசாமி தலையைக் குனிந்துகொண்டான்.

"இப்பேர்ப்பட்ட மனுசன்கிட்ட வேல பாத்துக்கினு, சோறு போடற எடத்துலயே கை வைக்கலாமாய்யா?" என்றாள் முனியம்மா.

அவன் போய் வண்டியில் ஏறி உட்கார்ந்தான்.

ஷோயப் சுவரில் சாக்பீஸால் எழுதினான். லோடு இறக்க வேண்டிய சுத்திகரிப்பு நிலையம் போக பத்தொன்பது கிலோமீட்டர், வர பத்தொன்பது. மொத்தம் முப்பத்தெட்டு. லிட்டருக்கு நாலு கிலோமீட்டர். மிச்சம் பத்தரை லிட்டர் இருக்க வேண்டும்.

"அதுக்குக் கீழ இருந்தா திருட்டு," என்று சொல்லிவிட்டுப் போனார் தமிழ்வேந்தன்.

மறுநாள் காலை டீக்கடை அடுப்பு எரியவில்லை. முனியம்மா காலிக் குடத்தோடு பட்டறை வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாக்கா, டீ இல்லியா?"

"எந்தத் தண்ணில போடறது? வெடியறதுக்குள்ள எவனோ டேங்கர் கொண்டாந்து, கெணத்தாண்ட மொத்தக் கழிவையும் தொறந்து விட்டுட்டான். வாளி போட்டா நுரைதான் வருது பாய்."

"காவலுக்கு யாரும் இல்லியா?"

"இல்லாம? மூணு மாசமா முறை போட்டுப் படுக்கறோம். நாலு தடவ வந்தான். நாலு தடவையும் சத்தம் கேட்டு எழுந்து ஓடனோம், கொட்டாம திரும்பிட்டான். இன்னைக்கு சத்தமும் இல்ல, புகை நாத்தமும் இல்ல. பக்கத்துலதான் படுத்துக் கெடந்தோம்."

ஷோயப் காலிக் குடத்தைக் குனிந்து பார்த்தான்.

"வீட்ல ஒரு குடம் இருக்கு. மருமவளுக்குன்னு மூடி வெச்சிட்டு வந்தேன். அது எத்தினி நாளைக்கு?"

அப்போது முதுகுக்குப் பின்னால் ஹாரன் கேட்டது. டேங்கர் வந்து நின்றிருந்தது. ஹாரன் அடிக்கும்வரை இருவருக்கும் தெரியவில்லை.

துரைசாமி இறங்கினான். கண்கள் சிவந்திருந்தன.

"அளங்க பாய்."

"மொதலாளி வரலியா?"

"வரல. பட்டறைக்குப் போவாத, நேரா ஷெட்டுக்கு வந்துடுன்னு போன் பண்ணார். நான்தான் வந்தேன். திருடன்னு பேர் வாங்கிட்டேன் இல்ல? அளந்து செவுத்துல எழுதுங்க. அக்காவும் பாக்கட்டும்."

ஷோயப் பத்து லிட்டர் கேனை டேங்குக்கு அடியில் வைத்துத் திறந்தான். கேன் நிறைந்தது. இன்னும் அரை லிட்டர்தான் வர வேண்டும். அடுத்த கேனை வைத்தான். அரை லிட்டர் கோட்டைத் தாண்டியும் டீசல் நிற்காமல் வந்தது.

நின்ற பிறகு இன்னொரு முறை அளந்தான். ஒன்றரை லிட்டர்தான் செலவாகியிருந்தது. ஆறு கிலோமீட்டர். ஆற்றங்கரைக்குப் போக மூன்று, வர மூன்று.

சாக்பீஸ் அவன் விரலில் உடைந்தது. உடைந்த துண்டை எடுத்து, பத்தரைக்குப் பக்கத்தில் எழுதினான்.

மிச்சம் பதினெட்டரை லிட்டர்.