கைப்பிடிச் சுவர் இல்லாத பக்கம்

துவாக்குடி விடுதியின் மொட்டை மாடிக்குத் துணி எடுக்க வந்த ஃபெமினா படியிலேயே நின்றுவிடுகிறாள். அறைத்தோழி கனிஷ்கா, செல்போன் செருகிய, வெளியே எதையும் பார்க்கவிடாத விஆர் பெட்டியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு, பழைய துப்பாக்கி விளையாட்டு ஒன்றில் யாரையோ சுட்டபடி பின்வாங்குகிறாள். அவளுக்குப் பின்னால் கைப்பிடிச் சுவர் இன்னும் எழும்பவில்லை. தூண்களின் இரும்புக் கம்பிகள் மட்டும் வெயிலில் நீட்டிக்கொண்டிருக்கின்றன. காதில் இயர்போன் இருப்பதால் கத்தினாலும் கேட்காது. ஓடிப்போய்த் தொட்டால் திடுக்கிட்டு நகர்ந்துவிடுவாள். ஃபெமினா தன் போனிலிருந்து அவளை அழைக்கிறாள். விளையாட்டு நின்றுபோன எரிச்சலில் கனிஷ்கா இயர்போனைத் தட்டி அழைப்பை எடுக்கிறாள். “என்னடி, இந்த நேரத்துல?” “கனி, காலை நகர்த்தாத. அப்படியே உக்காரு.” குரல் நடுங்காமல் சொல்லிவிடுகிறாள். கனிஷ்கா மெல்ல உட்கார்கிறாள். பின்னால் தடவிய விரல்கள் தரையின் விளிம்பைத் தாண்டி வெறும் காற்றில் துழாவுகின்றன. பெட்டியைக் கழற்ற அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. “ஃபெமி, நீ வந்து கையைப் பிடி.”